வேலியைத் தகர்த்த ராக்கெட்டும் செருப்புக் கடைக்காரரின் ராக்கெட்டும்

1957ஆம் ஆண்டு அக்டோபர் 4ஆம் நாள் சோவியத் நாடு ஸ்புட்னிக் என்னும் முதல் செயற்கைக் கோளை விண்ணில் செலுத்தியது. அதன் எடை 84 கிலோகிராம்கூட இல்லை. ஆனால் அது உலகில் எழுப்பிய பரபரப்பு மிகப் பெரிது. அமெரிக்காவில் மேற்கு வர்ஜீனியா மாநிலத்திலுள்ள கோல்வுட் அப்போது ஒரு சிறிய நிலக்கரிச் சுரங்க ஊராக இருந்தது. அந்த ஊரின் வானத்தில் ஒளிப்புள்ளி ஒன்று நகர்ந்து செல்வதை ஊரார் கூடிநின்று பார்த்தார்கள். (அன்று உலகெங்கும் வெறுங்கண்ணுக்குத் தெரிந்தது பெரும்பாலும் ஸ்புட்னிக் அல்ல, அதைத் தூக்கிச் சென்ற ராக்கெட்டின் பெரிய உடற்பகுதிதான்.) பார்த்தவர்களில் ஒருவன் ஹோமர் ஹிக்கம் என்ற 14 வயது மாணவன். தானும் ராக்கெட் செய்வது என்று அவன் அன்றே முடிவு செய்தான்.

அந்த மாணவன் பிற்காலத்தில் அமெரிக்க விண்வெளி நிறுவனமான நாசாவில் பொறியாளர் ஆனார். விண்வெளி வீரர்களுக்குப் பயிற்சி அளித்தார். தம் இளமைக் கதையை 'ராக்கெட் பாய்ஸ்' என்ற பெயரில் 1998இல் நூலாக எழுதினார். அதை ஜோ ஜான்ஸ்டன் என்ற இயக்குநர் 1999இல் 'அக்டோபர் ஸ்கை' என்ற திரைப்படமாக ஆக்கினார். 'ராக்கெட் பாய்ஸ்' என்பதன் ஆங்கில எழுத்துகளை இடம் மாற்றி அடுக்கினால் 'அக்டோபர் ஸ்கை' கிடைக்கும் என்பது ஒரு சுவையான செய்தி.

மாணவர்களுக்கு ஊக்கமூட்டும் கதை என்று இவ்விரண்டையும் பலரும் பரிந்துரைக்கிறார்கள். ஊக்கமூட்டுவது உண்மைதான். ஆனால் எதற்கு ஊக்கமூட்டுகிறது? இந்தக் கேள்வியை நாம் கேட்டுப் பார்க்க வேண்டும். ஏனெனில் இக்கதையின் நாயகன் கையாள்வது வண்ணத்துப்பூச்சியோ தபால்தலையோ அல்ல, வெடிமருந்து.

கதைச் சுருக்கம்

ஹோமரின் முதல் முயற்சி ராக்கெட்டாக அமையவில்லை; குண்டாக அமைந்தது. வீட்டுத் தோட்டத்தில் அம்மா ஆசையோடு போட்டிருந்த ரோஜாத் தோட்ட வேலியை அது தகர்த்தது. சிறுவர்கள் காயமின்றித் தப்பினார்கள். இந்நிகழ்ச்சி நூலிலும் படத்திலும் நகைச்சுவையாகவே வருகிறது.

பிறகு குவென்டின் என்ற கெட்டிக்கார மாணவனும் வேறு சில நண்பர்களும் சேர்கிறார்கள். பள்ளியின் பெயரால் 'பிக் கிரீக் ஏவுகணைக் கழகம்' என்று தங்களுக்கு ஒரு பெயரும் சூட்டிக் கொள்கிறார்கள். தங்கள் ராக்கெட்டுகளுக்கு அவர்கள் வைத்த பெயர் 'ஆக்'. ஆக் என்பது பறக்க இயலாத, இன்று உலகிலேயே இல்லாமற்போன ஒரு கடற்பறவை. தங்களைத் தாங்களே கேலி செய்துகொள்ளத் தெரிந்த பிள்ளைகள்! சுரங்கப் பட்டறைத் தொழிலாளர்கள் உலோகப் பாகங்களைச் செய்து கொடுத்தார்கள். ஃப்ரீடா ரைலி என்னும் அறிவியல் ஆசிரியை ஏவுகணை அமைப்பு பற்றிய ஒரு கடினமான நூலைத் தேடித் தந்து, 'படித்துப் புரிந்துகொள்வது உன் பொறுப்பு' என்ற முறையில் விட்டுவிட்டார். அந்நூலுக்காகவே சிறுவர்கள் கணிதம் கற்றார்கள்.

1960இல் தேசிய அறிவியல் கண்காட்சியில் ஹோமர் பதக்கம் பெற்றான். அவ்வாண்டு ஜூன் மாதம் அவர்கள் ஏவிய கடைசி ராக்கெட்டான 'ஆக் 31' ஏறத்தாழ 31,000 அடி, அதாவது 9 கிலோமீட்டருக்கு மேல் சென்றது என்று நூல் கூறுகிறது. ரோஜா வேலியிலிருந்து 31,000 அடி வரை மூன்றாண்டுகளுக்குள் ஏற்பட்ட இந்த வளர்ச்சி வியப்புக்குரியது, அதில் ஐயமில்லை.

நூல் சொல்வதும் படம் மறைப்பதும்

நூலைக் கவனமாகப் படிப்பவர்களுக்கு ஒன்று புலப்படும். சிறுவர்களின் ராக்கெட் எந்த அளவுக்கு உயரப் போகிறதோ, அந்த அளவுக்கு அவர்கள் அதைவிட்டு விலகி நிற்கக் கற்றுக்கொள்கிறார்கள். முதலில் வீட்டுத் தோட்டம். பிறகு ஊருக்கு வெளியே சுரங்கக் கழிவு கொட்டிக் கிடந்த பொட்டல். முதலில் திரியைப் பற்றவைத்துவிட்டு ஓட்டம். பிறகு பலகையாலும் தகரத்தாலும் கட்டிய காப்பறைக்குள் இருந்துகொண்டு மின்சாரத்தால் பற்றவைத்தல். முதலில் ஊகம், பிறகு கணக்கு. நூலின் உண்மையான வளர்ச்சி இதுவே. ஆனால் ஆசிரியர் இதை ஓரிடத்திலும் எடுத்துச் சொல்வதில்லை. நிகழ்ச்சிகளின் ஊடே அது தானாகத் தெரிகிறது.

படத்தில் இது பெரும்பாலும் மறைந்துவிடுகிறது. ராக்கெட்டுகள் ஒன்றன்பின் ஒன்றாக வெடிப்பதும், தரையில் சீறிப் பாய்வதும், சிறுவர்கள் விழுந்தடித்து ஓடுவதும் துள்ளலான இசையோடு வேகவேகமாகக் காட்டப்படுகின்றன. ஒரு ராக்கெட் சுரங்க ஊழியர்கள் நிற்கும் இடத்தை நோக்கிப் பாய, அவர்கள் தரையில் விழுந்து உயிர் தப்புகிறார்கள். திரையரங்கில் சிரிப்பொலி எழும்படி அமைந்த காட்சிகள் இவை. தோல்வி வெற்றிக்கு முதற்படி என்பதே இயக்குநர் சொல்ல விரும்பிய கருத்து. ஆனால் தோல்விகளில் இரு வகை உண்டு. கணக்கில் தோற்றால் அழித்துவிட்டு மறுபடி போடலாம். வெடிமருந்தில் தோற்றால், மறுபடி முயல்வதற்கு விரல்கள் இருக்க வேண்டும்.

படம் செய்த இன்னொரு மாற்றத்தையும் குறிப்பிட வேண்டும். ஹோமரின் தந்தை சுரங்கத்தின் மேலாளர். நச்சு வளி, கூரைச் சரிவு, தீ விபத்து ஆகியவற்றினிடையே வாழ்நாள் முழுவதும் வேலை பார்த்தவர். ஆபத்து என்றால் என்ன என்று அந்த ஊரிலேயே அவருக்குத்தான் நன்றாகத் தெரியும். நூலில் அவர் தயங்கித் தயங்கியேனும் அந்தக் கழிவுப் பொட்டலை மகனுக்கு ஒதுக்கிக் கொடுக்கிறார். காப்பறை கட்டப் பலகையும் தகரமும் தருகிறார். படத்திலோ நிறுவனத்தின் நிலத்தில் ராக்கெட் விடக்கூடாது என்று அவர் தடுக்க, சிறுவர்கள் 8 மைல் நடந்து வேறிடம் தேடிக் கொள்கிறார்கள். பாதுகாப்புக்கு வழி செய்து கொடுத்தவர் கனவுக்குத் தடைபோடுபவராக ஆகிவிட்டார். கதைக்கு இது சுவை கூட்டலாம். ஆனால் 'எச்சரிக்கை செய்பவன் எதிரி' என்ற எண்ணத்தை இளம் மனத்தில் விதைப்பது நல்லதன்று.

குழாய்க்குள் நடப்பது என்ன?

ரோஜா வேலி ஏன் தகர்ந்தது என்பதற்கு இங்கே விளக்கம் தேவை. நூல் இதைத் தெளிவாகச் சொல்லவில்லை. படம் சொல்லவே இல்லை.

விறகு எரிவதற்குக் காற்றிலுள்ள ஆக்சிஜன் வேண்டும். ராக்கெட்டின் திண்ம எரிபொருளில் எரியும் பொருளும் ஆக்சிஜனைத் தரும் பொருளும் ஏற்கெனவே கலந்திருக்கின்றன. ஆகவே மூடிய குழாய்க்குள்ளும் அது எரியும். எரிந்து உண்டாகும் சூடான வாயு பின்புறத்துக் குறுகிய துவாரத்தின் வழியே பீறிட்டு வெளியேறுகிறது. அதன் எதிர்விளைவாக ராக்கெட் முன்னே செல்கிறது. நியூட்டனின் மூன்றாம் விதியை அறிந்த மாணவர்களுக்கு இது புதிதல்ல.

இனி நுட்பமான இடத்துக்கு வருவோம். இத்தகைய எரிபொருளில் அழுத்தம் கூடக்கூட எரியும் வேகமும் கூடுகிறது. வேகம் கூடினால் வாயு மிகுதியாகிறது. வாயு மிகுந்தால் அழுத்தம் மேலும் கூடுகிறது. துவாரத்தின் அளவு சரியாக இருந்தால், உண்டாகும் வாயுவும் வெளியேறும் வாயுவும் ஒரு நிலையில் சமமாகி அழுத்தம் நிலைத்துவிடும். துவாரம் சற்றுக் குறுகிப் போனாலோ, எரிபொருள் கட்டியில் ஒரு வெடிப்பு விழுந்து எரியும் பரப்பு திடீரென்று பெருகினாலோ அந்தச் சமநிலை குலைந்துவிடும். அழுத்தம் ஏறிக்கொண்டே போய், கண்ணிமைக்கும் நேரத்தில் குழாய் வெடிக்கும். சிறிய காரின் டயருக்குள் இருக்கும் அழுத்தம் வெளிக்காற்றின் அழுத்தத்தைவிட இரண்டு மடங்கு அதிகம். ராக்கெட் குழாயில் அது பல பத்து மடங்கை எட்டலாம். எரிபொருள் கட்டியின் உள்ளே விழுந்த வெடிப்பு வெளியே இருந்து பார்ப்பவர் கண்ணுக்குத் தெரியாது. எத்தனை கெட்டிக்கார மாணவனானாலும் அடுக்களையில் வைத்து அதைக் கண்டுபிடிக்க முடியாது.

குழாய் காகிதமாக இருந்தால் வெடிக்கும்போது கிழிந்து போகும். இரும்பாக இருந்தால் சிதறிய ஒவ்வொரு துண்டும் துப்பாக்கிக் குண்டுக்குச் சமம். மாக்ஸ் வாலியர் என்பவர் ஆஸ்திரியாவில் பிறந்து ஜெர்மனியில் ராக்கெட் ஆராய்ச்சி செய்த முன்னோடி. ராக்கெட் பொருத்திய காரையே ஓட்டிக் காட்டியவர். 1930 மே 17ஆம் நாள் பெர்லினில் சோதனையின்போது எஞ்சின் வெடித்தது. சிதறிய உலோகத் துண்டு நெஞ்சில் பாய்ந்து அவர் இறந்தார். அவர் அறியாதவரல்லர், அந்தத் துறையில் அன்று உலகில் மிகுதியாக அறிந்த சிலரில் ஒருவர்.

அமெரிக்காவின் ஜாக் பார்சன்ஸ் கல்லூரிப் பட்டம் பெறாமலேயே ராக்கெட் எரிபொருளில் வல்லுநரானவர். 1936இல் கலிஃபோர்னியாவில் ஃப்ராங்க் மலீனா முதலிய நண்பர்களோடு சோதனைகளைத் தொடங்கினார். பல்கலைக்கழக வளாகத்தில் அவர்கள் செய்த சோதனைகளால் விபத்துகள் நேரவே, சக மாணவர்கள் அவர்களுக்குத் 'தற்கொலைப் படை' என்று பெயர் சூட்டினார்கள். அந்தக் குழுவிலிருந்துதான் இன்று கோள்களுக்கு விண்கலங்களை அனுப்பும் ஜெட் உந்துவிசை ஆய்வுக்கூடம் பிறந்தது. பார்சன்ஸோ 1952இல் தம் வீட்டிலிருந்த ஆய்வுக்கூடத்தில் நிகழ்ந்த வெடிவிபத்தில் உயிரிழந்தார். வெற்றி பெற்றவர்கள் எழுதிய தன்வரலாறுகளை மட்டும் படிப்பவர்களுக்கு இந்தப் பக்கம் தெரிவதில்லை. ஹிக்கம் எழுதினார் என்றால், எழுதுவதற்கு அவர் உயிரோடு இருந்தார் என்பதுதான் முதற்காரணம்.

14 வினாடிக் கணக்கு

படத்தில் மாணவர்களும் ஆசிரியர்களும் மிகவும் விரும்பிப் பேசும் காட்சி ஒன்று உண்டு. ஊருக்கு அருகே காட்டுத் தீ பரவுகிறது. சிறுவர்களின் ராக்கெட்டே காரணம் என்று காவல்துறை அவர்களைப் பிடித்துச் செல்கிறது. காணாமற்போன ஒரு ராக்கெட் எங்கே விழுந்திருக்கும் என்று ஹோமர் பிறகு கணக்கிடுகிறான். ராக்கெட் கீழே விழ எடுத்துக்கொண்ட நேரம் சுமார் 14 வினாடி. பொருள் விழும் தொலைவு, ஈர்ப்பு முடுக்கத்தில் பாதியை நேரத்தின் வர்க்கத்தால் பெருக்கக் கிடைப்பது. அதன்படி உயரம் சுமார் 3,000 அடி என்று காண்கிறான். காற்றின் வேகத்தையும் சேர்த்துக் கணக்கிட்டு ஓர் ஓடையில் ராக்கெட்டைக் கண்டெடுக்கிறான். தீ எழுந்த இடத்துக்கும் அதற்கும் வெகு தொலைவு. பழி நீங்குகிறது.

கணக்கைச் சரிபார்ப்போம். வினாடிக்கு வினாடி 32 அடி என்ற ஈர்ப்பு முடுக்கத்தில் பாதி 16. 14இன் வர்க்கம் 196. இரண்டையும் பெருக்கினால் 3,136 அடி, அதாவது ஏறத்தாழ 956 மீட்டர். கணக்குச் சரியே. ஆனால் இந்தச் சூத்திரம் காற்றே இல்லாத இடத்துக்கு உரியது. காற்றின் தடை இருப்பதால் உண்மையான உயரம் இதைவிடக் குறைவாகவே இருந்திருக்கும். படத்தின் பாத்திரங்கள் இதைப் பற்றிப் பேசுவதில்லை. பள்ளி மாணவர்கள் பேசலாம். வகுப்பறைக்கு இது நல்ல பயிற்சி.

கணக்கைவிட முக்கியமான கேள்வி ஒன்று இருக்கிறது. தீக்குக் காரணம் அவர்களல்லர் என்பது மெய்ப்பிக்கப்பட்டது, மகிழ்ச்சி. ஆனால் ஏவிய ராக்கெட் எங்கே விழுந்தது என்று ஏவியவர்களுக்கே நெடுநாள் தெரியாமல் இருந்ததே! 900 மீட்டர் உயரத்திலிருந்து ஓர் உலோகக் குழாய் விழும் இடம் ஓடையாக இருந்தது நற்பேறு. அதே இடத்தில் விறகு பொறுக்கும் பெண்ணோ ஆடு மேய்க்கும் சிறுவனோ நின்றிருந்தால்? கணக்கை ஏவிய பிறகு போட்டு நிரபராதி என்று காட்டுவதைவிட, ஏவுவதற்கு முன் போட்டு யாருக்கும் தீங்கில்லை என்று உறுதி செய்வதே அறிவியலாளனின் கடமை. காவல்துறையினர் தவறான குற்றச்சாட்டைச் சொன்னார்கள். சரியான கேள்வியைப் படத்தில் யாருமே கேட்கவில்லை.

31,000 அடி சென்ற கடைசி ராக்கெட்டுக்கும் இது பொருந்தும். ஜெட் விமானங்கள் பறக்கும் உயரம் அது. அங்கிருந்து தடையின்றி விழும் பொருள் காற்றே இல்லையெனில் வினாடிக்கு சுமார் 430 மீட்டர் வேகத்தில் தரையைத் தாக்கும். காற்று அந்த வேகத்தை வெகுவாகக் குறைக்கும் என்றாலும், மிஞ்சும் வேகம் ஆளைக் கொல்லப் போதுமானது. இன்று அமெரிக்காவில் அந்த உயரத்துக்கு ராக்கெட் விடுவதானால் விமானப் போக்குவரத்து அதிகாரிகளிடம் முன்அனுமதி பெற வேண்டும்.

செருப்புக் கடைக்காரர் கண்ட வழி

ஹோமர் வேலியைத் தகர்த்துக்கொண்டிருந்த அதே நாட்களில் இதற்கு ஒரு நல்ல தீர்வு அமெரிக்காவிலேயே பிறந்திருந்தது. நெப்ராஸ்கா மாநிலத்தில் நார்ஃபோக் என்ற ஊரில் ஆர்வில் கார்லைல் என்பவர் செருப்புக் கடை வைத்திருந்தார். வாணவேடிக்கை அவருடைய பொழுதுபோக்கு. அவருடைய சகோதரர் ராபர்ட் விமான மாதிரிகள் செய்பவர். 1954இல் இருவரும் சேர்ந்து ஒரு சிறிய ராக்கெட்டை உருவாக்கினார்கள். காகிதக் குழல், மெல்லிய பால்சா மரத் துடுப்புகள், உள்ளே ஒரு பாராசூட். எரிபொருள் அடைத்த சிறு காகித எஞ்சின் தனியாக இருந்தது. ஒருமுறை எரிந்ததும் கழற்றி எறிந்துவிட்டுப் புதியதைப் பொருத்திக் கொள்ளலாம்.

நியூ மெக்சிகோ மாநிலத்தில் ஒயிட் சாண்ட்ஸ் ஏவுகணைத் தளத்தில் பாதுகாப்புப் பணியில் இருந்தவர் ஹாரி ஸ்டைன். ராக்கெட் வேலை எவ்வளவு பாதுகாப்பாக நடைபெறுகிறது என்பது பற்றி அவர் 1957இல் ஒரு பத்திரிகையில் எழுதினார். கட்டுரையைப் படித்த கார்லைல் தம் ராக்கெட்டைப் பற்றி அவருக்குக் கடிதம் எழுதினார். சிறுவர்கள் வீட்டில் வெடிமருந்து கலந்து விபத்துக்குள்ளாகும் செய்திகளால் கவலையுற்றிருந்த ஸ்டைனுக்கு விடை கிடைத்தது. அதே ஆண்டு மாதிரி ராக்கெட்டுகளுக்கென ஒரு நிறுவனத்தையும் ஒரு சங்கத்தையும் அவர் தொடங்கினார். விரைவில் வெர்ன் எஸ்டஸ் என்பவர் சில வினாடிக்கு ஓர் எஞ்சின் செய்யும் இயந்திரத்தை உருவாக்கினார். ஒவ்வோர் எஞ்சினும் ஒரே அளவு, ஒரே அழுத்தம், ஒரே தரம்.

இவர்கள் செய்த மாற்றம் என்ன? எரிபொருள் செய்யும் வேலையையும் ராக்கெட் செய்யும் வேலையையும் பிரித்துவிட்டார்கள். முதல் வேலை தொழிற்சாலைக்கு. இரண்டாவது வேலை மாணவனுக்கு. சங்கம் வகுத்த விதிகளும் எளியவை. உடற்பகுதியில் காகிதம், மரம், பிளாஸ்டிக் போன்ற லேசான பொருள்களே இருக்க வேண்டும். எஞ்சினைத் திறக்கவோ மாற்றவோ கூடாது. மின்சாரத்தால் மட்டுமே பற்றவைக்க வேண்டும். சிறிய ராக்கெட்டுக்குக்கூட 5 மீட்டராவது தள்ளி நிற்க வேண்டும். பற்றாமற்போனால் மின்கலத்தைத் துண்டித்து ஒரு நிமிடம் கழித்தே அருகில் செல்ல வேண்டும். பாராசூட்டோ வேறு சாதனமோ இல்லாமல் ஏவக்கூடாது. மரத்திலோ மின்கம்பியிலோ சிக்கினால் எடுக்கப் போகக் கூடாது. இவ்விதிகளுள் எதுவும் அச்சத்தால் எழுந்ததன்று. ஒவ்வொன்றின் பின்னாலும் யாரோ ஒருவருக்கு நேர்ந்த விபத்தின் பாடம் இருக்கிறது என்று கொள்ளலாம்.

ஓர் எதிர்வாதம்

'கடையில் வாங்கிய எஞ்சினைச் செருகிப் பொத்தானை அழுத்துவதில் என்ன அறிவியல் இருக்கிறது? ஹோமர் தானே எரிபொருளோடு போராடியதால்தானே வேதியியலும் நுண்கணிதமும் கற்றான்?' என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அமெரிக்க இராணுவ அதிகாரியான பெர்ட்ரண்ட் பிரின்லி 1960இல் அமெச்சூர் ராக்கெட் வீரர்களுக்கென எழுதிய கையேடு இந்த எண்ணத்தையே அடிப்படையாகக் கொண்டது. எப்படியும் செய்யப்போகிறவர்களுக்கு வல்லுநர் மேற்பார்வையும் காப்பறையும் கொடுத்து முறையாகச் செய்யவைப்போம் என்பது அவர் கட்சி. கோல்வுட் சிறுவர்களுக்குப் பட்டறையும் பொட்டலும் காப்பறையும் கிடைத்தன. அப்படிக் கிடைக்காத ஆயிரம் ஊர்களின் சிறுவர்களுக்கு யார் பொறுப்பு?

மேலும், எரிபொருளைக் கலக்காவிட்டால் அறிவியல் இல்லை என்பது உண்மையன்று. ராக்கெட் நேராகப் பறக்க வேண்டுமானால், அதன் ஈர்ப்பு மையம் காற்றின் அழுத்தம் செயல்படும் மையத்துக்கு முன்னால் இருக்க வேண்டும். இரண்டாவது மையத்தைக் கணக்கிட எளிய வழி ஒன்றை ஜேம்ஸ் பாரோமன் என்ற நாசாப் பொறியாளர் 1966இல் மாதிரி ராக்கெட் ஆர்வலர்களுக்காகவே வகுத்துக் கொடுத்தார். அதைக் கொண்டு துடுப்பின் அளவையும் வடிவத்தையும் கணக்கிடலாம். எடை, உயரம், காற்றுத்தடை இவற்றை ஆராயலாம். எஞ்சின் மாறாமல் ஒரே தரமாக இருப்பதால்தான் மற்றவற்றை ஒவ்வொன்றாக மாற்றி விளைவை அறிய முடிகிறது. சோதனை முறையின் அடிப்படையே அதுதான். ஒவ்வொரு முறையும் எரிபொருளே மாறிக்கொண்டிருந்தால், உயரம் ஏன் கூடியது என்று யாரால் சொல்ல முடியும்?

எனினும் இதில் ஓர் இழப்பு உண்டு என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். குறுகிய துவாரத்தின் வடிவத்தைத் தாமே கணக்கிட்டு, தாமே கடைந்தெடுக்கச் செய்து, அது வேலை செய்வதைக் கண்ட மகிழ்ச்சி ஹோமருக்கும் குவென்டினுக்கும் கிடைத்தது. அது கடையில் கிடைக்காது. நூலின் சிறந்த பக்கங்கள் அந்த மகிழ்ச்சியைச் சொல்லும் பக்கங்களே. அந்த மகிழ்ச்சிக்குரிய இடம் கல்லூரியும் தொழிற்கூடமும் என்பதே நம் கருத்து, அடுக்களை அன்று.

தும்பாவில் ஒரு துளி வியர்வை

'அக்டோபர் ஸ்கை' வெளிவந்த அதே 1999இல் ஆங்கிலத்தில் வெளிவந்தது அப்துல் கலாமின் தன்வரலாறு. தமிழில் 'அக்கினிச் சிறகுகள்' என்ற பெயரில் பல மாணவர்கள் படித்திருப்பார்கள். அதுவும் ராக்கெட் கனவு கண்ட ஒரு சிறுவனின் கதைதான். அதில் தும்பா ஏவுதளத்தில் நிகழ்ந்த ஒரு விபத்து வருகிறது. சோடியமும் தெர்மைட்டும் சேர்ந்த கலவையை ராக்கெட்டில் நிரப்பும் வேலை. கலாமும் சுதாகர் என்ற சக ஊழியரும் கலவை அறைக்குள் இருந்தபோது ஒரு துளி வியர்வை சோடியத்தின் மேல் விழுந்தது. சோடியம் நீருடன் சேர்ந்தால் ஹைட்ரஜன் வாயுவும் கடும் வெப்பமும் உண்டாகும் என்பது பள்ளிப் பாடம். அறை தீப்பிடித்தது. சுதாகர் வெறுங்கையால் கண்ணாடிச் சன்னலை உடைத்துக் கலாமை வெளியே தள்ளிக் காப்பாற்றினார்.

பயிற்சி பெற்ற பொறியாளர்கள், அரசின் ஏவுதளம், ஏற்பாடான அறை. அங்கேயே ஒரு துளி வியர்வை இவ்வளவு செய்தது. கலாம் இதைச் சிரிப்புக்குரிய நிகழ்ச்சியாகச் சொல்லவில்லை. தம் உயிரைக் காத்த நண்பருக்குச் செலுத்தும் நன்றியாகச் சொல்கிறார். ஹிக்கமின் நூலோடு ஒப்பிட்டால், ஆபத்தை எழுதும் முறையில் இந்தச் சிறு பகுதி உயர்ந்து நிற்கிறது.

என்ன செய்யலாம்?

'ராக்கெட் பாய்ஸ்' நூலைப் படிக்க வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. படிக்க வேண்டிய நூல்தான். சுரங்க ஊரின் வாழ்க்கை, தந்தைக்கும் மகனுக்கும் இடையே பேசப்படாத அன்பு, 1969இல் 31 வயதிலேயே நோயால் மறைந்த ஆசிரியை ரைலியின் பெருந்தன்மை ஆகியவை நெஞ்சில் நிற்பவை. படத்தையும் காட்டலாம். ஆனால் காட்டும் ஆசிரியர் முடிவில் பத்து நிமிடம் பேச வேண்டும். 'இவர்கள் எந்தெந்த இடத்தில் நற்பேற்றால் பிழைத்தார்கள்? எந்தெந்த இடத்தில் அறிவால் பிழைத்தார்கள்?' என்று மாணவர்களைப் பட்டியலிடச் சொல்லலாம். அந்தப் பட்டியல்தான் படத்தின் உண்மையான பாடம்.

நம் நாட்டில் உரிமம் இல்லாமல் வெடிமருந்து செய்வது 1884ஆம் ஆண்டின் வெடிபொருள் சட்டப்படி குற்றம். சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். சிவகாசி வட்டாரத்தில் மருந்துக் கலவை அறைகளில் நிகழும் விபத்துச் செய்திகளைப் படித்தவர்களுக்கு வேறு எச்சரிக்கை தேவையில்லை. தலைமுறை தலைமுறையாக அத்தொழிலில் கைதேர்ந்தவர்களே அங்கு உயிரிழக்கிறார்கள்.

ராக்கெட்டில் ஆசை கொண்ட மாணவன் நெருப்பே இல்லாமல் தொடங்கலாம். பிளாஸ்டிக் பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு நீர் ஊற்றி, சைக்கிள் பம்பால் காற்றடைத்து விடும் நீர் ராக்கெட்டும் நியூட்டனின் அதே மூன்றாம் விதிப்படிதான் செல்கிறது. அதற்கும் விதிகள் உண்டு: பெரியவர் ஒருவர் உடனிருக்க வேண்டும், கண்ணுக்குக் கண்ணாடி அணிய வேண்டும், கீறல் விழுந்த பாட்டில் கூடாது, திறந்த மைதானம் வேண்டும், பாட்டிலின் மேலே குனியக் கூடாது. அட்டையால் துடுப்பு வெட்டி ஒட்டுங்கள். பறக்கும் எடையோடு ராக்கெட்டின் ஈர்ப்பு மையத்தில் நூல் கட்டித் தலைக்கு மேல் சுழற்றிப் பாருங்கள். மூக்கு முன்னே பார்த்துச் சுழன்றால் துடுப்பு சரி, தடுமாறினால் துடுப்பைப் பெரிதாக்க வேண்டும்.

உயரத்தையும் அளக்கலாம். ஏவும் இடத்திலிருந்து 50 மீட்டர் தள்ளி ஒரு நண்பரை நிறுத்துங்கள். கோணமானியில் நூலும் சிறு கல்லும் கட்டி அவர் ராக்கெட்டின் உச்சியைப் பார்த்துக் கோணத்தைக் குறிக்கட்டும். கோணம் 31 பாகை என்றால் அதன் டேன்ஜென்ட் மதிப்பு 0.6. அதை 50ஆல் பெருக்க 30 மீட்டர். நண்பரின் கண் உயரத்தையும் கூட்டிக் கொள்ளுங்கள். கோல்வுட் சிறுவர்கள் கற்ற அதே முக்கோணவியல்தான் இது. பிறகு நீரின் அளவை மாற்றுங்கள், மற்றவற்றை மாற்றாதீர்கள். எந்த அளவில் உயரம் மிகுதி என்று வரைபடம் போடுங்கள். பத்து முறை ஏவி முடித்த பிறகும் பத்து விரல்களும் உங்களிடம் இருக்கும். கையில் ஒரு வரைபடமும் இருக்கும். அதோடு பதினோராவது சோதனைக்குப் போகலாம்.